எரிந்த ஸ்டூடியோவும் எங்கள் நூலகமும்: யாழ்ப்பாண மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகர முதல்வர் அவர்களுக்கும் சபையின் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் பேணி இருக்கிறது. அது என் பெரியப்பாவுடையது. அவர் கொழும்பில் ஒரு தியேட்டரில் இருபது வருடத்துக்கு மேல் ஒப்பரேட்டராக வேலை செய்தவர். 1983 கறுப்பு யூலை என்று சொல்லும் தமிழர் மீதான வன்செயலுக்குப் பிறகு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவர் கையில் இருந்தவை ஒரு துணிப்பையும் இந்தப் பேணியும்தான். 1995இல் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அரிசிப் பைக்கும் பாய்க்கும் நடுவே வைத்து இதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அவர் கண்மூடிய பிறகு பெரியம்மா அதை என்னிடம் ஒப்படைத்தார்.

பேணிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. கரை மடிந்த பாட்டுப் புத்தகங்கள் இரண்டு. ஒன்றில் தமிழ் எழுத்து, மற்றதில் சிங்கள எழுத்து. பாதி எரிந்த கார்பன் குச்சி ஒன்று. பழைய புரொஜெக்டர்களில் இரண்டு குச்சிகளை நேருக்கு நேர் வைத்து எரித்துத்தான் வெளிச்சம் எடுப்பார்கள். ஒரு ரப்பர் வளையத்தில் சுற்றிய பாதி டிக்கெட்டுகள். அவற்றோடு, ஓர் அடி நீளமுள்ள கறுப்பு வெள்ளைப் படச்சுருள்.

அந்தச் சுருளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பெண் கதவைத் திறக்கப் போகிறாள். சுருளின் முதல் படச்சட்டத்தில் அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. பதினாறாவது சட்டத்திலும் தாழ்ப்பாளில்தான் இருக்கிறது, விரல் மட்டும் ஒரு நூலிழை நகர்ந்திருக்கிறது. ஓர் அடியில் 16 சட்டங்கள். திரையில் ஓட்டினால் முக்கால் வினாடி தாங்காது. கதவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பெரியப்பாவிடம் கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றே: "அது குணரத்தினம் முதலாளியின் படம்."

இந்த மடலை எழுதவைத்தது அந்தப் பெயர்தான்.

கே. குணரத்தினம் யார் என்று யாழ்ப்பாணத்தில் இன்று முப்பது வயதுக்கு உட்பட்ட எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். நான் கேட்டுப் பார்த்தேன். நல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளில் குற்றமில்லை. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படம் 1947 ஜனவரி 21 அன்று திரைக்கு வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரையில் இருந்த சித்ரகலா மூவிடோன். ருக்மணி தேவியும் எடி ஜயமான்னவும் கடல் கடந்து போய் அங்கே நடித்தார்கள். அதே ஆண்டில் அடுத்த படமாக 'அசோகமாலா' வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர், 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சிற்றம்பலம் கார்டினர். கொழும்பில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. இந்த நாட்டில் சினிமா என்ற தொழில் வேர் பிடித்ததே இப்படித்தான்: கதை சிங்களத்தில், ஸ்டூடியோ தமிழ்நாட்டில், மூலதனம் தமிழர் கையில்.

இவர்களை அடுத்து வந்து, அந்தத் தொழிலை வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்தவர் குணரத்தினம். அவருடைய சினிமாஸ் லிமிடெட், படங்களை இறக்குமதி செய்து தியேட்டர்களுக்கு விநியோகித்த மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்று. விநியோகத்தில் மட்டும் இருந்திருந்தாலும் அவருக்கு வருமானத்தில் குறை வந்திருக்காது. அவர் படம் எடுக்க இறங்கினார். 1953இல் வந்த அவருடைய 'சுஜாதா' பெரும் வசூலைக் கண்டது. அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று குடும்பப் படங்கள் தொடர்ந்தன. தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அழவேண்டிய இடத்தில் அழுது, சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்து, பாட்டுப் புத்தகத்தோடு வீடு திரும்பும் படங்கள். அவற்றில் பல இந்தியப் படங்களைத் தழுவியவை. சிங்கள விமர்சகர்கள் அதற்காக அவரைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள். அந்தத் திட்டில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் படங்கள் ஓடிய காசில்தான் நடிகர்களும் ஒளிப்பதிவாளர்களும் ஒப்பனைக்காரர்களும் என் பெரியப்பா போன்ற ஒப்பரேட்டர்களும் மாதச் சம்பளம் வாங்கினார்கள். ஒரு தொழில் நிலைப்பதற்கு முதலில் அடுப்பு எரியவேண்டும். அந்த அடுப்புக்கு விறகு போட்டவரை நகல்காரர் என்ற ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தள்ளிவிட முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' எடுத்தார். ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, கிராமத்து வெயிலில் எடுத்த படம். வெளிநாட்டு விழாவில் பாராட்டுக் கிடைத்தது. உள்ளூரில் வசூல் இல்லை. வசூல் இல்லாத நெறியாளரை நம்பி எந்த முதலாளி பணப்பெட்டியைத் திறப்பார்? குணரத்தினம் திறந்தார். 1960இல் 'சந்தேசய' வந்தது. போர்த்துக்கேயருக்கு எதிராக எழுந்த ஊர்மக்களின் கதை. படம் வெற்றி பெற்றது. லெஸ்டர் மீண்டும் காலூன்றினார். காமினி பொன்சேகா என்ற இளம் நடிகரை நாடு கவனித்தது. அந்தப் படத்தின் போர்த்துக்கேயர் பாட்டைச் சிங்களவர்கள் இன்னமும் பாடுகிறார்கள். இந்த நாட்டின் மிகப் பெரிய நெறியாளர் நான்கு வருடம் கதைப்படம் இல்லாமல் இருந்த நேரத்தில் அவருக்கு அடுத்த கதவைத் திறந்துவிட்டவர், குடும்பப் படம் எடுத்துப் பெயர்பெற்ற ஒரு தமிழ் முதலாளி.

1619இல் எங்கள் யாழ்ப்பாண அரசைக் கொண்டுபோனவர்களும் அதே போர்த்துக்கேயர்தான். உங்கள் நூலகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கோட்டையை முதலில் கட்டியவர்களும் அவர்களே. அந்தக் கோட்டையடியில் விளையாடும் பிள்ளைகள் 'சந்தேசய' படத்தைத் தமிழ் உபதலைப்புகளுடன் ஒரு மாலையிலாவது பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அது தங்களுக்கும் உரிய கதை என்பதை அவர்கள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள்.

குணரத்தினம் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவைக் கட்டினார். முன்னோடிகள் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்ச் செய்த வேலையை இங்கேயே செய்ய அது இடம் கொடுத்தது. கறுப்பு யூலையில் அந்த ஸ்டூடியோவை எரித்தார்கள். உள்ளே இருந்த படங்களின் நெகட்டிவ்களும் பிரதிகளும் சேர்ந்து எரிந்தன. ஒன்றை இங்கே நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். எரிந்தவை சிங்களப் படங்கள். சிங்கள நடிகர்கள் நடித்தவை, சிங்களத் தாய்மார் அழுது பார்த்தவை. உரிமையாளர் தமிழர் என்பதற்காக அவை நெருப்புக்குப் போயின. அதே நாட்களில்தான், சிங்களப் படங்களை இயக்கி வந்த கே. வெங்கட்டையும் கொழும்பில் கும்பல் ஒன்று கொன்றது. பெரியப்பா அவரை ஒருமுறை தியேட்டரில் நேரே கண்டிருக்கிறார். அந்தச் செய்தியைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பாவின் குரல் இறங்கிவிடும். அதற்கு மேல் பேசமாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் குணரத்தினம் நாட்டை விட்டுப் போகவில்லை. 1989இல், தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சியும் அதை அடக்கப் புறப்பட்டவர்களின் கொலைகளும் மலிந்திருந்த காலத்தில், அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

தெற்கில் அவரை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிங்களச் சினிமா வரலாற்றில் அவர் பெயர் வருகிறது. ஆனால் அங்கே அவர் பெரும்பாலும் ஒரு வியாபாரி. இங்கேயோ, சிங்களப் படம் எடுத்தவர் எங்களுக்கு என்ன உறவு என்ற நினைப்பு. இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை நடு வழியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் இந்தப் பிஸ்கட் பேணியை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிங்களப் படம்தானே, இதை இங்கே வைத்து என்ன செய்வது?" என்று கேட்டார். பண்பாகத்தான் கேட்டார். அன்று எனக்கு மறுமொழி வரவில்லை. பேணியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாத மறுமொழியை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் பராமரிப்பில் உள்ள பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அந்த எண்ணிக்கையை இந்த ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் சொல்லிச் சொல்லியே தெரியவைத்தோம். அது நடந்து இரண்டு வருடத்தில், தீவின் மறுபக்கத்தில், அதே வெறி ஒரு தமிழர் கட்டிய ஸ்டூடியோவுக்குள் புகுந்து படச்சுருள்களை எரித்தது. முதலாவது நெருப்பை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு இரண்டாவது நெருப்பையும் நினைவில் வைத்திருக்கும் கடமை இருக்கிறது என்று நம்புகிறேன். ஏட்டுச் சுவடிக்கு அழும் நாங்கள் படச்சுருளுக்கு ஏன் அழவில்லை?

இந்த இரண்டையும் இணைக்கும் ஒருவர் எங்கள் நடுவிலேயே வாழ்ந்தார். எரிந்த நூலகத்தை மீளக் கட்டும் பணியில் ஈடுபட்ட கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜாதான் 1972இல் 'குத்துவிளக்கு' என்ற தமிழ்ப் படத்தைத் தயாரித்தவர். யாழ்ப்பாணத்து மண்ணில், எங்கள் பேச்சில், எங்கள் குடும்பக் கதையைச் சொன்ன படம். இறக்குமதிப் படங்களின் பளபளப்புக்கு முன்னால் அதைத் தயாரிப்பதில் எவ்வளவு பிடிவாதம் இருந்திருக்கவேண்டும்! முதல் ஈழத்துத் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல் வந்தது. அதாவது முதல் சிங்களப் படத்துக்குப் பதினைந்து வருடம் பிந்தி. தமிழ் முதலாளிகள் சிங்களப் படங்களுக்குப் பணம் போட்டார்கள், தமிழ்ப் படங்களுக்குப் போடத் தயங்கினார்கள். கணக்கு அப்படி: தமிழ் பேசும் பார்வையாளருக்குச் சென்னையிலிருந்து வாரத்துக்கு ஒரு புதுப் படம் பெட்டியில் வந்து இறங்கியது, அதோடு போட்டியிட இங்கே எவராலும் முடியவில்லை. யாழ்ப்பாணமும் அதற்கு உடந்தை. வின்சர், ராணி, மனோகரா, வெலிங்டன் வாசல்களில் சென்னைப் படத்துக்கு வரிசை கட்டிய நாங்கள், எங்கள் ஊர்ப் படத்துக்கு வந்தபோது குறை சொல்லத்தான் வந்தோம்.

அப்படியும் எடுத்தார்கள். மலையகத்தின் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இலிருந்து 1981 வரை மூன்று படங்களைத் தாமே தயாரித்து நடித்தார். தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள நெறியாளர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, காவலூர் இராசதுரை எழுத, 'பொன்மணி' எடுத்தார். சீதனத்தையும் சாதியையும் நேரே பார்த்த அந்தப் படத்தில் நடித்தவர்களில் எங்கள் பல்கலைக்கழக வட்டத்தவர் பலர். தமிழர் பணத்தில் சிங்களப் படம் வளர்ந்தது, சிங்களவர் கையால் யாழ்ப்பாணத்தின் மிக உண்மையான படங்களில் ஒன்று பிறந்தது. இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

அந்தப் படங்களில் பலவற்றின் பிரதி இன்று எங்கும் இல்லை. தம்பிஐயா தேவதாஸ் அவர்கள் தேடித் தேடி எழுதி வைத்திராவிட்டால் சில படங்களின் பெயர்கூட எஞ்சியிராது.

படச்சுருள் தானாகவும் சாகும். இதை வலியுறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆறுதலாகச் செய்யலாம் என்று யாராவது நினைக்கக்கூடும். பெரியப்பாவின் பேணியைத் திறந்தால் இப்போது வினாகிரி மணக்கிறது. அந்த மணம்தான் நோயின் அறிகுறி. அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் உடைந்து அமிலமாக மாறுகிறது. அந்த அமிலமே மேலும் உடைக்கிறது. ஒரு சுருளில் தொடங்கியது பக்கத்தில் இருப்பதற்கும் பரவுகிறது. யாழ்ப்பாணத்து வெக்கையில், தகரக் கூரையின் கீழ், மூடிய பேணியில் அது எத்தனை காலம் தாங்கும்? என் சுருள் ஏற்கெனவே கரையில் சுருண்டு, துளைகள் கோணத் தொடங்கிவிட்டன. இதைப்போல எத்தனை பேணிகள் எத்தனை அலுமாரிகளில் இருக்கின்றன என்று நினைத்தால் இரவில் நித்திரை வருவதில்லை.

ஒரு சுருளையாவது காப்பாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் கண்முன்னே சான்று இருக்கிறது. லெஸ்டரின் 'நிதானய' படத்தை சிலோன் தியேட்டர்ஸுக்காகத் தயாரித்தவர் பி. அந்தோனிப்பிள்ளை, இன்னொரு தமிழர். அதன் மூல நெகட்டிவ் அழிந்துபோனது. எஞ்சியிருந்த பிரதியிலிருந்து மீட்டெடுத்து 2013இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு பேணியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அதனால்தான் அது நடந்தது.

உங்களிடம் நான் சிலை கேட்கவில்லை. வீதிக்குப் பெயரும் கேட்கவில்லை. பொது நூலகத்தில் ஓர் அறை கேட்கிறேன். குளிரூட்டிய, ஈரம் ஏறாத, சின்ன அறை போதும். அதில் ஈழத்துச் சினிமாவின் எச்சங்களைச் சேருங்கள். சிங்களம் தமிழ் என்று பிரிக்காமல் சேருங்கள். குணரத்தினம், நாயகம், கார்டினர், துரைராஜா, கணேசன் ஆகிய தயாரிப்பாளர்களிலிருந்து தொடங்குங்கள். நடிகர்களின் படத்தை எங்கும் காணலாம். பணத்தையும் பெயரையும் பந்தயம் வைத்தவர்களின் கையெழுத்தும் கணக்கும் ஒப்பந்தமும்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன.

சுருள் மட்டும் என்று இருக்கவேண்டாம். பாட்டுப் புத்தகம், தியேட்டர் நோட்டீஸ், டிக்கெட், ஒப்பரேட்டரின் குறிப்புக் கொப்பி, படப்பெட்டி புகையிரதத்தில் வந்த ரசீது, கல்யாண வீட்டுப் படத்தின் பின்னணியில் தற்செயலாக விழுந்த தியேட்டர் வாசல்: எல்லாம் வேண்டும். கொண்டுவருபவர்களுக்குக் கொடுக்க மனமில்லாவிட்டால் வருடி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை நடத்தும் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து அச்சு நூல்களை அப்படித்தான் இலட்சக்கணக்கான பக்கங்களாக இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அவர்களின் அனுபவத்தைக் கேட்டால் தருவார்கள். கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் எங்கள் ஆட்களின் பெட்டிகளிலும் இதைப்போன்றவை இருக்கும். மாநகர சபையின் கடிதத் தலைப்பில் ஓர் அறிவித்தல் போனால் அவர்கள் திறந்து பார்ப்பார்கள். தனி ஆளாக நான் கேட்டால் பார்க்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆட்களைப் பதிவு செய்யுங்கள். டிக்கெட் கிழித்தவர், போஸ்டர் ஒட்டியவர், ஒரே பிரதியை இரண்டு தியேட்டருக்கும் பங்கிட்டு, ரீல் முடிய முடியச் சைக்கிளில் கொண்டு ஓடியவர், இடைவேளைக்குக் கச்சான் விற்றவர். எண்பதைத் தாண்டியவர்கள் அவர்கள். நல்ல கைத்தொலைபேசி ஒன்றும் பொறுமையுள்ள மாணவர் இருவரும் போதும். இந்த வேலைக்கு வரவுசெலவுத் திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. என் பெரியப்பாவின் குரலை நான் பதியவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்து யாரைப் பார்த்தாள் என்று அவரிடம் துருவிக் கேட்டிருந்தால், படத்தின் பெயராவது கிடைத்திருக்கும். கேட்க நேரமிருந்தது. கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு இப்போது 88 வயது. ஞாபகம் தெளிவாக இருக்கிறது. கொழும்பில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை முதற்காட்சிக்குப் பெரியப்பா அவரை மேலே புரொஜெக்டர் அறைக்குக் கூட்டிப்போய்ச் சின்னக் கண்ணாடித் துவாரத்தால் படம் காட்டுவாராம். சிங்களம் விளங்காமலே பார்த்து அழுததாகச் சொல்கிறார். அந்தப் பாட்டுகளில் இரண்டு இன்றும் அவருக்குப் பாடம். போன வாரம் நான் இந்த மடலைப் பற்றிச் சொன்னபோது, நூலகத்துக்குத் தாமும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

எந்தக் கிழமை நாளானாலும் எங்களுக்குச் சம்மதம். பேணியை நான் கொண்டு வருகிறேன். பெரியம்மாவால் படி ஏற முடியாது. ஆகையால் கீழ்த்தளத்தில் ஒரு மேசையும் கதிரையும், அவர் பாடும்போது பதிவுசெய்ய ஒருவரும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சபைக்குச் சோலைவரி கட்டுபவனும்
உங்கள் நூலகத்தில் படித்து வளர்ந்தவனுமான ஒரு வாசகன்,
நல்லூர், யாழ்ப்பாணம்.